பென்சிலில் இருந்த சொல்

மேடைகளில் என்னை இன்னும் ‘இளம் எழுத்தாளர்’ என்றுதான் அழைக்கிறார்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது. காதோரத்தில் நரை வந்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, அரச உத்தியோகமும் நிரந்தரமாகிவிட்டது. ஆனால் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் நான் இளமையாகிவிடுகிறேன். ஒரே ஒரு புத்தகத்தோடு நின்றுபோனவர்களுக்கு வயது ஏறாது போலும். அந்தப் புத்தகம் வந்தபோது எனக்கு இருபத்தைந்து.

அதற்குப் பிறகு நான் எழுதியவை பெரும்பாலும் பிரதேச செயலகத்துக் கடிதங்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பதவிப் பெயர். கல்லடியிலிருந்து கிரானுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அலுவலகத்தில் யாராவது மாற்றலாகிப் போனால் பிரியாவிடை உரை எழுதும் பொறுப்பு தானாகவே என் மேசைக்கு வந்துவிடும். “மிஸ், நீங்கதானே எழுத்தாளர். நல்லா அழுற மாதிரி ஒண்டு எழுதித் தாங்க” என்பார்கள். எழுதிக் கொடுப்பேன். அழுவார்கள். இதைவிடக் கைமேல் பலன் தந்த எழுத்தை நான் எழுதியதில்லை.

அந்தப் புத்தகம் வந்த கதையை ஒரு வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்துக்கென்று ஒரு டிப்ளோமா தொடங்கினார்கள். நாங்கள் ஏழு பேர் முதல் அணி. எங்கள் ஊர் மண்டூரில் என் மாமாவிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “எழுதுறதுக்குப் படிக்கிறீங்க, சரி. வாசிக்கிறதுக்கு ஆரு படிக்கிற?” என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அன்று கோபம் வந்தது.

வகுப்பில் ஒரு விதி இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கையில் பென்சிலோடு வாசிக்க வேண்டும். பாராட்டு எழுதக் கூடாது. திருத்தமும் எழுதக் கூடாது. வாசிக்கும்போது மனதில் எழும் கேள்வியை மட்டும் எழுதலாம். என் தாள்களை வாசித்தவள் காத்தான்குடிக்காரி. என் வயதுதான். ஒல்லியாக, எப்போதும் ஏதோ அவசரத்தில் இருப்பவள்போல் நடப்பாள், ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் பள்ளிவாசல் பாங்கு கேட்கும்வரை அசைய மாட்டாள். பென்சிலை பிளேடால் சீவித்தான் பாவிப்பாள். சீவும் கருவியால் சீவிய பென்சிலுக்குக் கூர் இருக்கும், குணம் இருக்காது என்பது அவளுடைய கட்சி.

அவள் கேள்விகள் ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு மேல் போகாது. பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். “ஆரு இவ?” “இவக்கு என்ன வயசு?” “ஏன் இவ்வளவு அழுகை?” ஒருமுறை என் கதையொன்றின் முதல் வரிக்குப் பக்கத்தில் “மழை கட்டாயம் பெய்யணுமா?” என்று எழுதியிருந்தாள். அதுவரை என் கதைகள் எல்லாவற்றிலும் மழை பெய்துகொண்டிருந்தது. அன்றோடு விட்டது. வகுப்பில் யாராவது விதியை மறந்து “நல்லாயிருக்கு” என்று எழுதிவிட்டால் அவள் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். “நல்லா இரிக்கி எண்டு எழுதுறது வாசிக்காத ஆக்கள்ர வேல, புள்ள.”

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இப்படி ஒரு வரியில் சொன்னால் போதாது. நான் எழுதும்போதே அவள் எந்த இடத்தில் பென்சிலை வைப்பாள் என்று நினைத்து நினைத்துத்தான் எழுதினேன். அந்த இரண்டு வருடங்களில் நான் தனியாக இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. கல்லடியில் நான் தங்கியிருந்த வாடகை அறையில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் ஒரு வாளியும்தான் இருந்தன. ஆனாலும் யாரோ கூட இருக்கிறார்கள் என்ற நினைப்பு எப்போதும் இருந்தது.

எனக்குப் பேர் வாங்கித் தந்த கதை அம்மாவைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவளுக்குக் கலியாணமானால் பெற்றவர்கள் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். யாரும் யாரையும் துரத்துவதில்லை, யாரும் குறையாகவும் நினைப்பதில்லை. அப்படித்தான் அம்மாவுக்கும் அந்த வீடு கிடைத்தது, அப்படித்தான் அக்காவுக்கும் போனது. அப்பா முன்னரே இறந்துவிட்டதால் அம்மா தனியாக இறங்க வேண்டியிருந்தது. மாமாவின் சிறிய வீடு ஒன்று அதே ஊரில் வெறுமனே பூட்டிக் கிடந்தது. எனக்கென்று ஒரு வீடு கட்டும்வரை அங்கே இருப்பது என்று ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை நாள் பார்த்திருந்தார்கள். நான் வந்து சாமான்களை எடுத்துவைத்து அம்மாவோடு கூடப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

நான் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை பார்த்துக் கொழும்பிலிருந்து பெரிய எழுத்தாளர் ஒருவர் எங்கள் வகுப்புக்கு வந்திருந்தார். மதியத்தோடு முடிந்துவிடும், பின்னேரம் புறப்பட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். குருமண்வெளி வரை பஸ், அங்கிருந்து வாவியைக் கடக்கப் பாதை. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மிதவை. இருட்டினால் அது நின்றுவிடும். பெரிய எழுத்தாளர் இலக்கியத்தில் மௌனத்தின் இடம் என்ற தலைப்பில் மூன்று மணி நேரம் பேசினார். பிறகு எங்கள் கதைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். எனக்கு எழுந்துபோக மனம் வரவில்லை. அவர் என் கதையைப் பற்றி என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். நல்ல எதிர்காலம் உண்டு என்று சொன்னார். எல்லோருக்கும் அதையேதான் சொன்னார்.

பொழுது சாயும் நேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். வரவில்லை என்பதைச் சொல்லத்தான் எடுத்தேன், ஆனால் அவள் என்னைப் பேசவிடவில்லை.

“அம்மா வீட்டுத் திறப்ப என்ட கையில தந்திட்டா புள்ள. நான் அழுதிட்டன். அவ அழல்ல. முத்தத்தக் கூட்டினா. விளக்குமாத்தச் சுவரோட சாத்தி வச்சா. கைய கழுவிப் போட்டு, ஒண்டும் பேசாமக் கடப்படிக்கு நடந்து போனா. போய்…”

வளவின் வாசலைத்தான் எங்கள் ஊரில் கடப்பு என்போம். வீட்டுச் சாவி கைமாறுவதும், கூட்டிய முற்றமும், அழாத அம்மா அதைத் தாண்டிக் கடப்படிக்கு நடப்பதும் என் கண்ணில் அப்படியே தெரிந்தது. இதுதான் கதை, இதுதான் முடிவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, நான் மறுகா எடுக்கிறன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு. அந்தச் சொல்லை நாங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் சொல்வோம். சொன்னால் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் மறுகா எடுக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கதை முடிந்திருந்தது. கடைசி வரி, அவள் கடப்படிக்கு நடந்தாள் என்பது.

திங்கட்கிழமை காத்தான்குடிக்காரி அதை வாசித்தாள். வழக்கமாக என் தாள்கள் அவள் கையிலிருந்து திரும்பும்போது ஓரமெல்லாம் கேள்வியாக இருக்கும். இந்த முறை எதுவும் இல்லை. கடைசி வரிக்குக் கீழே, நட்ட நடுவில், ஒரு சொல் மட்டும் இருந்தது.

“மறுகா?”

பிறகு? அவ்வளவுதான். கடப்படிக்குப் போனவள் பிறகு என்ன செய்தாள் என்று கேட்டிருந்தாள். பதில் எழுதத்தான் நினைத்தேன். அதற்குள் கொழும்பில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு முடிவுத் திகதி வந்துவிட்டது. என் மடிகணினி பழுது. கையெழுத்துப் பிரதியை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தட்டச்சுக் கடையில் கொடுத்தேன். அங்கே வேலை செய்த பிள்ளை எங்கள் ஊர்ப்பக்கம். தாளில் என் பென்சில் திருத்தங்களும் நிறைய இருந்தன. மறுகா என்ற சொல்லில் அவளுக்குப் புதினமாக ஒன்றும் தெரிந்திருக்காது. கதையில் எல்லோரும் இப்படித்தானே பேசுகிறார்கள், கடைசியிலும் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து அதையும் சேர்த்து அடித்துவிட்டாள்.

அச்சடித்த தாளைக் கடை வாசலில் நின்று வாசித்தேன். அவள் கடப்படிக்கு நடந்தாள். அதற்குக் கீழே தனி வரியில், மறுகா? ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். என் கதை அந்த ஒரு சொல்லால் என்னைவிடப் பெரிய யாரோ எழுதியதுபோல் ஆகியிருந்தது. உள்ளே போய், “தங்கச்சி, இதை எடுத்துவிடு” என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் தாள்களை உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தேன். பிழை தட்டச்சுப் பிள்ளையுடையது, களவு என்னுடையது.

முதல் பரிசு கிடைத்தது. சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் தொகுப்பைக் கேட்டு வாங்கியது. அந்த ஒற்றைச் சொல் முடிவைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதினார். அது நிலம் இழந்த மக்களின் கேள்வி என்றார் அவர். இன்னொருவர் பெண்குலத்தின் கேள்வி என்றார். மூன்றாமவர் இருத்தலின் கேள்வி என்றார். வெறும் ‘பிறகு’ என்பதால் யார் கொண்டுவந்த சட்டையும் அதற்குப் பொருந்தியது. தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் மட்டும், மறுகா என்பது மகளின் பெயரா, தாய் கடைசியில் மகளைக் கூப்பிடுகிறாளா என்று கடிதம் போட்டுக் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் எல்லோரையும்விட உருப்படியாக வாசித்தவர் அவர்தான்.

வெளியீட்டு விழா மட்டக்களப்பில் நடந்தது. எங்கள் அணியில் மற்ற ஆறு பேரும் வந்திருந்தார்கள். காத்தான்குடிக்காரி மூன்றாவது வரிசையில், சுவர்ப்பக்கமாக உட்கார்ந்திருந்தாள். அச்சில் அவள் அந்தக் கதையைப் பார்த்தது அன்றுதான். பேச்சுகள் முடிந்து கேள்வி நேரம் வந்தது. சபையில் ஓர் ஆசிரியர் எழுந்து, அந்தக் கடைசிச் சொல் எப்படி வந்தது என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கும் ஆவல்தான் இருந்தது, தாள்களை வாசிக்கும்போது இருக்கும் அதே முகம். நான் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, “அது தானாக வந்த சொல்” என்றேன். கைதட்டினார்கள். தேநீரும் பற்றீசும் கொடுக்கத் தொடங்கியபோது மூன்றாவது வரிசையில் அவள் கதிரை காலியாக இருந்தது.

அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் எடுத்தால், “ஓம் புள்ள, நல்லா இரிக்கன். நீ எப்படி?” என்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது. சில மாதங்களில் நானும் எடுக்காமல் விட்டேன். மற்றவர்களும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள். ஒருவன் கட்டாருக்குப் போனான், ஒருத்தி வங்கியில் சேர்ந்தாள், ஒருவன் காப்புறுதி முகவராகி என்னிடமே படிவத்தோடு வந்தான். அவர்களில் இரண்டு பேர் என்னைவிட நன்றாக எழுதினார்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வரிசையில் நின்ற ஏழு பேரில் ஒருத்தியை மட்டும் பின்கதவால் உள்ளே எடுத்தால் மிச்சப்பேர் அவளோடு என்ன கதைப்பது?

வேலை கிடைத்ததும் கல்லடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அம்மாவை அழைத்துக்கொண்டேன். ஆறு வருடம் என்னோடு இருந்தாள். ஒருமுறை பத்திரிகையிலிருந்து வந்த ஒரு பெண் அம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கதையில் வருவது நீங்கள்தானே? மறுகா என்று கேட்டது நீங்கள்தானே?” என்று கேட்டாள். அம்மா தேநீர்க் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, “மறுகா என்ன மகள், உலை வச்சிச் சோறாக்கினதுதான்” என்றாள். இதை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அம்மா அதைச் சொன்ன விதத்தை மட்டும் நான் அப்போது கவனிக்கவில்லை. என்னைப் பார்க்காமல், கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்துபோனாள். சளியென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான்காம் நாள் அங்கேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் என் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு ஆளுக்குச் சோறு ஆக்க எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் எழுத உட்காருவேன். நாலு பக்கம் வரும். அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது? முகநூலில் போட்டால் ‘அருமை’, ‘சிறப்பு’, ‘வாழ்த்துகள் தோழர்’ என்று வரிசையாக வரும். பூங்கொத்துப் படங்கள் வரும். எனக்கு ஒரே ஒரு கேள்வி வேண்டியிருந்தது. கூர் சீவிய பென்சிலால், ஓரத்தில், ஆரு இவ என்று ஒருத்தி கேட்க வேண்டும். கேட்க ஆளில்லாமல் அந்த நாலு பக்கமும் அங்கேயே நின்றுவிடும். எட்டு வருடத்தில் இப்படி நின்றுபோனவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள நிறைய நாள் பிடித்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் சென்னைப் பதிப்பகத்தார் அழைத்தார்கள். தொகுப்பை மறுபதிப்புச் செய்கிறார்களாம், புதிதாக ஒரு முன்னுரை வேண்டுமாம். எழுதினேன். அந்தக் கடைசிச் சொல் என்னுடையது அல்ல, என் தோழி ஒருத்தியுடையது, அது தானாக வந்தது என்று நான் மேடையில் சொன்னது பொய் என்று எழுதினேன். நாலு பக்கத்தில் நிற்காமல் ஓடிய ஒரே எழுத்து அதுதான். ஆனால் அவளிடம் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று பட்டது. அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் காத்தான்குடிக்குப் போனேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றும் வீட்டில் தமிழ் வகுப்பு நடத்துகிறாள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவள் திரும்பவும் என் தாள்களை வாசிப்பாள், அந்தக் காலம் திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையோடுதான் போனேன். மன்னிப்புக் கேட்பது அதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது.

அவள் மேசையில் கட்டுரைக் கொப்பிகள் அடுக்கியிருந்தன. கையில் சிவப்புப் பேனை. சற்றுச் சதை போட்டிருந்தாள், மற்றபடி அதே ஆள். “வாகா, இரி” என்றாள், நேற்றுப் பிரிந்தவளிடம் சொல்வதுபோல. அம்மா மவுத்தான செய்தி தனக்குப் பிந்தித்தான் கிடைத்தது என்றாள். வந்திருக்க வேண்டும், வரவில்லை, அது தன் பிழை என்றாள். நான் முன்னுரையை நீட்டினேன். சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு வாசித்தாள். பள்ளிவாசல் பாங்கு கேட்கவில்லை, உள்ளே குக்கர் விசில் மட்டும் கேட்டது. கடைசிப் பக்கம் முடிந்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடமே தந்தாள்.

“நல்லா எழுதி இரிக்காய்.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவள் வாயில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

“உனக்குக் கோவம்தானே?” என்று கேட்டேன். “உன்ட சொல்ல நான் எடுத்திட்டன் எண்டு.”

“என்ட சொல்லா?” அவள் உண்மையிலேயே விளங்காமல் பார்த்தாள். “மறுகா என்ட சொல்லா புள்ள? ஊரெல்லாம் சொல்லுற சொல்லு. அத நீ எடுத்தா எனக்கென்ன குறையப் போகுது?”

“அப்ப ஏன் விழாவால எழும்பிப் போனாய் அண்டைக்கு?”

அவள் ஒரு கொப்பியைத் திறந்து மூடினாள்.

“நான் உனக்குச் சொல்லுத் தரல்ல. உனக்கிட்டக் கேட்டன். அது கத எண்டு நீ நினைச்சிருப்பாய். எனக்கு அது உங்கட அம்மா. பாவம், வீட்டக் குடுத்துப் போட்டு அந்த மனிசி எங்க போனா, என்ன செஞ்சா எண்டு எனக்கு மனசு கேக்கல்ல. கேட்டு எழுதினன். நீ பதில் சொல்லல்ல. நான் கேட்ட கேள்வியவே புத்தகத்தில அடிச்சு எல்லாருக்கும் காட்டிப்போட்டாய். எல்லாரும் கைதட்டினாங்க. ஒருத்தராவது பதில் கேட்டாங்களா?”

“இல்ல” என்றேன்.

“நான் கேட்டன். இப்பயும் கேக்கிறன். அண்டைக்கு மறுகா என்ன செஞ்சா அவ?”

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அந்தக் கேள்வியை வைத்துப் பேர் எடுத்தவள் நான். ஆறு வருடம் அம்மா என் வீட்டில், என் பக்கத்து அறையில் இருந்தாள். சாப்பிடும்போதாவது ஒருநாள் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை, ஏனென்றால் எனக்கு வேண்டிய முடிவு கிடைத்துவிட்டது.

“தெரியா” என்றேன். அழுகை வந்தது.

அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். “அக்கா இரிக்காதானே. கேளு. கேட்டுட்டு வந்து சொல்லு” என்றாள். இனி என் தாள்களை வாசிப்பாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் செருப்புக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் வெளிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து அன்றே அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் சமையலறையில் நின்றாள். தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே, அம்மா வீட்டை விட்டு இறங்கிய அன்றைக்குக் கடப்படிக்குப் போய் என்ன செய்தவ என்று கேட்டேன்.

“என்ன புள்ள இப்ப திடீரெண்டு? என்ன செய்யிற, நிண்டவ.”

“நிண்டவவா?”

“நீ வாறன் எண்டு சொன்னதானே. பாதையால வாற ஆக்கள் எல்லாம் அந்த வழியாத்தானே வரணும். ஒவ்வொரு தரமும் ஆக்கள் வாற நேரம் எட்டி எட்டிப் பாத்தவ. உள்ள வந்து இரிங்க எண்டு கூப்பிட்டன், குடுத்த வீட்டுக்குள்ள திரும்பி வரக் கூடாது எண்டிட்டா. நீ போன் எடுத்த நேரமும் அங்கதான் நிண்டவ. அதத்தான் சொல்ல வந்தன், நீ வச்சிட்டாய். கடைசிப் பாதையும் வந்து ஆக்களெல்லாம் போன பிறகுதான் மாமாவோட போனா.”

“ஏன் அக்கா இவ்வளவு காலமும் எனக்கு இதச் சொல்லல்ல?”

“நீதானே கதையா எழுதினாய்? நாங்க எல்லாரும் வாசிச்சம். உனக்குத் தெரிஞ்சுதான் கடப்படியோட நிப்பாட்டினாய் எண்டு நினைச்சம். அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சா. பாவம், வெக்கத்தில விட்டிருக்காள், அவக்கிட்ட ஒண்டும் கேக்காதீங்க எண்டு சொன்னவ.”

மூன்று வாரமாகிறது. காத்தான்குடிக்காரி கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கல்லடியிலிருந்து அவள் வீட்டுக்குப் பத்து நிமிடம். தினமும் போகலாம் என்று நினைக்கிறேன், தினமும் மேசையில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதற்குப் பதிலாக இதை அனுப்பலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் போய் அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். இதையும் அவள் அச்சில்தான் பார்த்தாள் என்று ஆகிவிடக் கூடாது.